வெளிறிய காணொளியும் அதன் மருந்தும்

நம் கண் ஒரு வியத்தகு கருவி. நண்பகல் வெயில் படிந்த வெண்சுவரையும், இருண்ட அறையின் மூலையிற் கிடக்கும் கரிய பெட்டியையும் அது வேறுபாடறிந்து காண்கின்றது. மாலையில் ஏற்றிய விளக்கின் சுடரையும், அவ்விளக்கின் அருகே அமர்ந்தார் முகத்தையும் ஒரே நோக்கில் கண்டு மகிழ்கின்றது. இத்தகைய கண்ணுக்கு ஒருவாறு ஒப்ப, ஒளியின் ஏற்றத்தாழ்வுகளைப் பரந்த அளவிற் பதிந்து காட்டவல்ல காணொளி முறை ஒன்று இந்நாளில் நம் கைப்பேசிகளிலும் வந்துள்ளது. எச்.டி.ஆர். என்பது அதன் பெயர். ‘விரிந்த ஒளிவீச்சு’ எனத் தமிழில் அதனைக் கூறலாம். ஆயின், கைப்பேசியில் எழிலுறத் தோன்றும் இக்காணொளி, வீட்டுக் கணிப்பொறியில் இட்டவுடன் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிப் போவதைப் பலர் கண்டிருப்பர். அதன் காரணம் யாது, அதனைத் தீர்க்கும் வழி யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியிடத்து என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றே இதனை எழுதத் தூண்டிற்று.

சென்ற ஆண்டு எம் தமக்கையாரின் திருமணம் நடந்தேறியது. அன்று மாலை முற்றத்தில் கட்டிய விளக்குகளின்கீழ்ப் பாட்டியார் நாற்காலியில் அமர்ந்து, வந்தாரையெல்லாம் பெயர் சொல்லி அழைத்து வாழ்த்திக்கொண்டிருந்தார். என் சிற்றப்பா மகன் அக்காட்சியைத் தன் கைப்பேசியில் நான்கு நிமிட அளவு பதிந்தான். இரண்டு திங்கள் கழித்துப் பாட்டியார் காலமானார். அவர் குரலோடும் அசைவோடும் எஞ்சிய படம் அஃது ஒன்றே. தம்பி அதனைக் கம்பி வழியே எம் கணிப்பொறிக்கு மாற்றிவிட்டு, இடம் போதாமையாற் கைப்பேசியில் இருந்ததை நீக்கிவிட்டான். பின்னொரு நாள் வீட்டார் அனைவரும் கூடியிருந்து அதனைக் கண்டோம். விளக்குகள் ஒளியிழந்திருந்தன, பாட்டியாரின் செந்நிறப் பட்டு பழந்துணிபோல் நிறங்குன்றியிருந்தது, அவர் முகம் பனிமூட்டத்தினூடே காண்பதுபோல் மங்கியிருந்தது. தந்தையார் ஒன்றும் பேசாது எழுந்து சென்றார். பதிவு கெட்டுவிட்டது என்றே எல்லோரும் எண்ணினோம். அண்மையிலுள்ள கடையொன்றில் வினவியபோது, “பழைய முறைக்கு மாற்றித் தருகிறோம், மாற்றிய பின் மூலத்தை அழித்துவிடுங்கள், அது வீணாக இடத்தை அடைக்கும்” என்றனர். அதற்கு இசையும் தறுவாயிலேதான், கெட்டது உண்மையிற் படந்தானா என்னும் ஐயம் எனக்கு எழுந்தது.

ஆராய்ந்தவிடத்துப் படம் கெடவில்லை என்பது தெளிவாயிற்று. அதனைப் படித்த முறையே பிழைபட்டிருந்தது. இதனை விளக்கச் சில அடிப்படைகளை முதற்கண் கூறுதல் வேண்டும்.

காணொளி என்பது எண்களின் தொகுதி. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் இவ்வளவு ஒளி, இவ்வளவு நிறம் என எண்கள் கோப்பிற் பதிவாகியிருக்கும். ஒளியின் அளவை ‘நிட்’ என்னும் அலகால் அளப்பர். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கண்டெலா ஒளிர்வு உடையது ஒரு நிட் ஆகும். கண்டெலா என்பது மெழுகுவத்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஒரு மெழுகுவத்தி தரும் ஒளியின் அளவே ஏறத்தாழ அதன் அளவுமாகும். படக்குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்தில் உருவான பழைய முறையில், ஒளிபரப்பு நிலையங்களின் அளவுத்திரை 100 நிட்டையே வெண்மையின் உச்சமாகக் கொண்டது. மேலும் அம்முறையில் எண் ஒன்றுக்குத் தனித்த ஒளியளவு கிடையாது. உச்ச எண் என்றால் ‘உன் திரையால் இயன்ற மட்டும் ஒளிர்க’ என்பதே அதன் பொருள். திரைக்குத் திரை அவ்வொளி வேறுபடும்.

2014ஆம் ஆண்டில் எஸ்.எம்.பி.டி.இ. என்னும் திரைப்படப் பொறியியலாளர் கழகம் எஸ்.டி. 2084 என்னும் நெறியை வெளியிட்டது. ‘பிக்யூ’ என அதனைச் சுருங்க வழங்குவர். இந்நெறியில் ஒவ்வோர் எண்ணும் ஓர் உறுதியான ஒளியளவைக் குறிக்கும். பூச்சியம் முதல் 10,000 நிட் வரை அதன் வீச்சு. மனிதக் கண் இருளில் நுண்ணிய வேறுபாட்டையும் ஒளியில் பெரிய வேறுபாட்டையுமே உணரும் இயல்பினது. அவ்வியல்பை அளந்தறிந்து, அதற்கேற்ப எண்களைப் பங்கிட்டிருப்பதே இந்நெறியின் நுட்பம். பழைய முறையில் ஒவ்வொரு நிறக்கூற்றுக்கும் 256 படிகள் இருந்தன, எச்.டி.ஆர். முறையிற் பெரும்பாலும் 10 பிட் அளவில் 1,024 படிகள் உள்ளன. நிறத்தின் எல்லையும் அவ்வாறே விரிந்தது. பழைய முறை பி.டி. 709 என்னும் நிற எல்லையைக் கொண்டது. 2012இல் வெளிவந்த பி.டி. 2020 அதனினும் மிகப் பரந்தது.

இனி, வெளிறுதலின் காரணத்தைக் காண்போம். பிக்யூ நெறியில் 100 நிட் ஒளி, எண் வீச்சில் நூற்றுக்கு 51 என்னும் இடத்தில் நிற்கும். 1,000 நிட் நூற்றுக்கு 75இல் நிற்கும். ஒரு நிட் அளவான மங்கல் நூற்றுக்கு 15இல் நிற்கும். இந்நெறியை அறியாத செயலி அவ்வெண்களைப் பழைய முறை எண்களாகக் கொண்டு, 100 நிட் உச்சமுடைய திரைக்கு அனுப்புகின்றது என்று கொள்க. அப்போது வெண்தாளைக் குறித்த 51 ஏறத்தாழ 20 நிட்டாகவே தோன்றும். விளக்கைக் குறித்த 75 ஏறத்தாழ 50 நிட்டாகும். நிழலைக் குறித்த 15 மட்டும் ஒரு நிட் அளவிலேயே நிற்கும். உண்மையில் தாளினும் பத்து மடங்கு ஒளியுடைய விளக்கு, திரையில் இரண்டரை மடங்கு ஒளியே பெற்றது. நிழலினும் நூறு மடங்கு ஒளியுடைய தாள் இருபது மடங்காகச் சுருங்கிற்று. ஏற்றமும் தாழ்வும் இங்ஙனம் நெருங்கவே, படம் முழுதும் சாம்பல் நிறம் பரந்தாற்போல் ஆகின்றது. பி.டி. 2020இன் பரந்த எல்லைக்கென எழுதிய நிற எண்களைப் பி.டி. 709இன் குறுகிய எல்லைக்குரியனவாகப் படிப்பதால் நிறங்களும் செறிவிழக்கின்றன. பாட்டியாரின் பட்டு பழந்துணிபோல் தோன்றியது இதனாலேயே.

தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. பழைய ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்கட்கு வரிவடிவ வேறுபாடும் இல்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அவ்வேறுபாட்டை அமைத்தார் என்பர். ஆதலின் ‘எரி’ என்று ஏட்டிற் கண்டதனைத் தீ எனப் படிப்பதோ, நீர்நிலையாகிய ஏரி எனப் படிப்பதோ, படிப்பவரின் அறிவைப் பொறுத்தது. மரபறியாதார் ஒருவர் நீர் நிறைந்த இடத்தைத் தீயெனப் படித்தால், அக்குற்றம் ஏட்டினது ஆகுமா? படிப்பவரை மாற்றுவதே வழி. ஏட்டைத் திருத்துவது தீங்காகவே முடியும்.

ஆயினும், எந்நெறியிற் படித்தல் வேண்டும் என்பதனைச் செயலி யாங்ஙனம் அறியும்? புறநானூற்றுப் பாடல்களின் இறுதியிற் திணை, துறை, பாடினார், பாடப்பட்டார் முதலிய குறிப்புகள் நிற்றல்போல, காணொளிக் கோப்பினுள்ளும் ஒளி நெறி இன்னது, நிற எல்லை இன்னது என்னும் குறிப்புகள் உள. அக்குறிப்பைப் படிக்கத் தெரிந்த செயலி செவ்வனே காட்டும். அதனைப் புறக்கணிக்கும் பழைய செயலி வெளிறச் செய்யும். கோப்பை மாற்றும்போது அக்குறிப்பு உதிர்ந்துவிடினோ, வல்ல செயலியும் வழுவும்.

நோயின் காரணம் அறிந்தோம். இனி மருந்தைக் காண்போம். கோப்பு, செயலி, இயங்குதளம், கேபிள், மானிட்டர் என ஐந்து நிலைகளைக் கடந்தே படம் நம் கண்ணை அடைகின்றது. பிழை இவற்றுள் எங்கும் நேரலாம். ஆதலின் ஒரே நேரத்திற் பலவற்றை மாற்றாமல், ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, கோப்பு. மீடியாஇன்ஃபோ என்னும் விலையில்லாச் செயலியிற் கோப்பைத் திறந்தால் அதனுள் உள்ள குறிப்புகளைக் காணலாம். 10 பிட், பி.டி. 2020, பிக்யூ என்பன காணப்படின் நம் ஐயம் உறுதியாகும். ‘பிக்யூ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘எச்.எல்.ஜி.’ என்றிருப்பின், அது பி.பி.சி.யும் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே.யும் சேர்ந்து வகுத்த மற்றொரு நெறி. பழைய திரைகளிலும் ஓரளவு நன்றாகத் தோன்றுமாறு அமைந்தமையால் அதன்கண் வெளிறுதல் குறைவு. 2016இல் வெளிவந்த பி.டி. 2100 என்னும் ஆவணம் இவ்விரு நெறிகளையும் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, செயலி. விரிந்த ஒளியைக் குறுகிய திரைக்கு ஏற்பச் சுருக்கித் தரும் தொழிலை ‘டோன் மேப்பிங்’ என்பர். அதனை மூன்று வகையாகச் செய்யலாம். 100 நிட்டுக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் வெட்டிவிடுவது ஒன்று. அப்பொழுது விளக்கும் அதனைச் சூழ்ந்த ஒளியும் ஒரே வெண்திட்டாகிவிடும். எல்லா ஒளியையும் ஒரே விகிதத்திற் குறைப்பது மற்றொன்று. அப்பொழுது முகங்கள் இருளில் மூழ்கும். நிழலையும் முகத்தையும் பெரும்பாலும் உள்ளவாறே விடுத்து, உச்ச ஒளிகளை மட்டும் வளைகோட்டு முறையில் மெல்ல நெருக்குவது மூன்றாவது. இம்மூன்றாவதே சிறந்தது. எம்.பி.வி. என்னும் விலையில்லாச் செயலி இத்தகைய வளைகோடுகள் பலவற்றைக் கொண்டது. யாதொன்றும் மாற்றாது விடினும் தக்கதொன்றைத் தானே தேர்ந்துகொள்ளும். வி.எல்.சி. செயலிக்கும் 2018இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் எச்.டி.ஆர். காணொளியை அறிந்து காட்டும் ஆற்றல் உண்டு. ஆதலாற் பழைய திரையை உடையார் முதற்கண் செய்யத்தக்கது, தம் செயலியைப் புதுப்பித்தலேயாம். பல வீடுகளில் இதனோடே குறை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, இயங்குதளம். எச்.டி.ஆர். மானிட்டர் உடையார், சுருக்காமலே விரிந்த ஒளியைத் திரைக்கு அனுப்பலாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்னும் வழியே சென்றால் எச்.டி.ஆர். என்னும் பகுதி தோன்றும். அதன்கண் உள்ள விசையைத் திறத்தல் வேண்டும். விண்டோஸ், ஆல்ட், பி என்னும் மூன்று பொத்தான்களைச் சேர அழுத்தினும் அது திறக்கவும் மூடவும் செய்யும். திறந்தவுடன் ஏனைய சாளரங்கள் மங்கித் தோன்றின் அஞ்சற்க. பழைய முறைப் படங்களுக்கான ஒளியளவை மாற்றும் நழுவுகோல் ஒன்று அப்பகுதியிலேயே உண்டு, அதனை உயர்த்துக. விசையே காணப்படாதாயின், திரையோ கேபிளோ எச்.டி.ஆர். ஆற்றல் அற்றது என்பதற்கு அது பெரும்பாலும் சான்றாகும்.

நான்காவது, கேபிள். எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பு நொடிக்கு 18 கிகாபிட் அளவே தாங்கும். 4கே படத்தை நொடிக்கு 60 சட்டமாக, 10 பிட் நிறத்தில், நிறத் தகவலைச் சுருக்காமல் அனுப்ப அது போதாது. ஆதலின் நிறத் தகவலைச் சிறிது சுருக்கியோ, சட்ட எண்ணிக்கையைக் குறைத்தோ அனுப்புதல் வேண்டும். 2017இல் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. 2.1 நெறி 48 கிகாபிட் வரை இடந்தருகின்றது. பழைய கேபிளைப் புதிய மானிட்டரோடு இணைத்துவிட்டு மானிட்டரைப் பழிப்பார் பலர்.

ஐந்தாவது, மானிட்டர். எச்.டி.ஆர். என்னும் முத்திரை பெற்றவை யாவும் ஒரு தன்மையன அல்ல. வீசா என்னும் அமைப்பு 2017இல் வகுத்த டிஸ்பிளே எச்.டி.ஆர். தரங்களில் 400, 600, 1000 என வரும் எண்கள் உச்ச ஒளியின் நிட் அளவைக் குறிப்பன. இவற்றுட் கடையாய 400 தரத்துக்குத் திரையின் பின்னொளியைப் பகுதி பகுதியாகத் தணிக்கும் அமைப்பு கட்டாயமன்று. ஆதலின் விளக்கு ஒளிர வேண்டி முழுத்திரையும் ஒளிரும்; அருகிலுள்ள இருளும் சாம்பலாகும். இத்தகைய மானிட்டர் உடையார் விசையை மூடிவிட்டு, செயலியே சுருக்கித் தருமாறு விடுவது பெரும்பாலும் நலம் பயக்கும். பெயருக்கு ஆசைப்பட்டுப் படத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டா.

நிற்க. எச்.டி.ஆர். பிழை போலவே தோன்றி மயக்கும் வேறு குறைகளும் உள. நிறங்கள் செறிவாகவே இருக்க, கருமை மட்டும் சாம்பலாயின், அது வீச்சுப் பிழை. காணொளியிற் கருமைக்கு 16, வெண்மைக்கு 235 எனக் குறுகிய வீச்சு வழங்கும். கணிப்பொறித் திரையோ 0 முதல் 255 வரை கொள்ளும். ஒரு முனை குறுகிய வீச்சில் அனுப்ப, மறுமுனை முழுவீச்செனக் கொண்டால் கருமை வெளுக்கும். வரைகலை அட்டையின் அமைப்புகளில் இதனைச் சரிசெய்யலாம். மனித முகம் பச்சையாகவும் ஊதாவாகவும் தோன்றின், அது டால்பி விஷனின் ஐந்தாம் வகைக் கோப்பாதல் கூடும். அதன் நிற அமைப்பே வேறு. அதனை அறிந்த புதிய செயலியாலன்றிப் பிறிதொன்றால் அது தீராது. படம் தட்டித் தடுமாறி ஓடின், குற்றம் ஒளியினது அன்று, வேகத்தினது. 4கே படத்தின் ஒவ்வொரு சட்டத்திலும் 82,94,400 புள்ளிகள் உள. எச்.இ.வி.சி. 10 பிட் முறையிற் செறித்த அவற்றைப் பிரித்தெடுக்கத் தனி வன்பொருள் வேண்டும். இன்டெல் ஏழாம் தலைமுறைப் புராசசர்களிலும் 2016இல் வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 10 வரிசை அட்டைகளிலும் அவ்வன்பொருள் உண்டு. அவற்றினும் மிகப் பழையன பெரும்பாலும் இடர்ப்படும்.

எம் வீட்டிற்கு மீள்வோம். எம் மானிட்டர் பழைய முறையினது. ஆதலின் விரிந்த ஒளியை உள்ளவாறு காட்ட அதனால் இயலாது. மீடியாஇன்ஃபோவில் நோக்கியபோது பிக்யூ, பி.டி. 2020, 10 பிட் என மூன்று குறிப்புகளும் பழுதின்றி இருந்தன. எம்.பி.வி.யை நிறுவித் திறந்தேன். பட்டு சிவந்தது, விளக்குகள் ஒளிர்ந்தன, பாட்டியாரின் முகம் தெளிந்தது. ஆயினும் எம் கணிப்பொறி பழையதாகலின் படம் இடையிடையே நின்று நின்று ஓடிற்று. அதன் பொருட்டு எஃப்எஃப்எம்பெக் என்னும் கருவியால், டோன் மேப்பிங் செய்து அளவு குறைத்த படி ஒன்றை ஆக்கினேன். அது தடையின்றி ஓடுகின்றது.

கடைக்காரர் கூறியதும் இம்மாற்றந்தானே, யான் செய்ததற்கும் அதற்கும் வேறுபாடு என்னை எனின், கூறுவேன். மாற்றுதல் பிழையன்று, மூலத்தை அழித்தலே பிழை. சுருக்கிய படியில் 1,024 படிகள் 256 ஆகின்றன. உச்ச ஒளிகளின் ஏற்றத்தாழ்வுகள் நெருக்கப்படுகின்றன. பரந்த நிறங்கள் குறுகிய எல்லைக்குள் ஒடுக்கப்படுகின்றன. இங்ஙனம் இழந்தவற்றை அப்படியிலிருந்து எவராலும் மீட்டல் இயலாது. மூலம் இருப்பின், நாளை நல்லதொரு திரை வாங்கும்போது அவ்வொளி முழுதும் உள்ளவாறே தோன்றும். ஏட்டைப் பெயர்த்தெழுதிய பின் ஏட்டைத் தீயிலிடுவார் உண்டோ? பெயர்த்தெழுதியவன் பிழைத்த இடங்களை ஒப்புநோக்கித் திருத்த ஏடு வேண்டுமன்றோ?

ஆதலின் நண்பர்கட்கு யான் கூறுவன மூன்று. வெளிறிய காணொளியைக் கண்டவுடன் அது கெட்டதென முடிவு செய்யற்க. புதிய மானிட்டர் வாங்க விரையுமுன் செயலியைப் புதுப்பித்து நோக்குக. எக்காரணத்தாலும் மூலத்தை அழியற்க. அதனை வேறொரு வட்டிலும் படியெடுத்து வைக்க.

அன்று மாலை தந்தையாரை அழைத்து அப்படத்தைக் காட்டினேன். முதல் நிமிடத்தின் இறுதியிற் பாட்டியார் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் இடம் ஒன்று உண்டு. முன்னர் மங்கலில் எவர்க்கும் புலப்படாதிருந்த அப்புன்முறுவல் இப்பொழுது நன்கு தெரிந்தது. தந்தையார் அவ்விடத்தை மீண்டும் ஒருமுறை ஓட்டச் சொன்னார். மூலக் கோப்பு இப்பொழுது மூன்று வட்டுகளில் உள்ளது.